வாய்க்கு மதிப்பில்லாத மேசை

போன மாதம் ஒரு ரிசார்ட் மேனேஜர் நாயுடுபுரத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். அவர்கள் புதிதாகப் போக்கர் அறை ஒன்று திறக்கிறார்களாம். காசு கிடையாது, டோக்கன்தான், விருந்தாளிகளின் பொழுதுபோக்குக்காக மட்டும்தான் என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். என்னைப் பார்த்தால் மாறுவேடத்தில் இருக்கும் போலீஸ் மாதிரி இருந்ததோ என்னவோ. லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். ஊதா விளக்கு, சுவரில் தங்க நிறச் சிங்கம், மூலையில் புகை விடும் இயந்திரம். கொடைக்கானலில் புகைக்குக் காசு கொடுத்து இயந்திரம் வாங்குகிற முதல் மனிதரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகமே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், வாடகைகூடக் கேட்காது.

"மேடம், நீங்க இந்த லைன்ல சீனியர். கெஸ்ட் என்ஜாய் பண்ணனும்னா ரூம்ல என்ன இருக்கணும்?" என்றார்.

"நாற்காலி. சாய்ஞ்சா சத்தம் போடாத நாற்காலி" என்றேன். அதை லேப்டாப்பில் தட்டிக்கொண்டார். "அப்புறம்?"

"காஞ்ச சீட்டு."

தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சிங்கத்தோடு கிளம்பிப் போனார். அவரிடம் சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்பது கெட்ட வார்த்தை. அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இந்த மலையில் காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். விடிந்தும் விடியாமலும் ஆள் கணக்கு எடுப்பதைக் கடைசிவரை 'பெரட்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஒரு சமையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குக் கோவாவில் ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. பாத்திரம் துடைக்கப் போன என் விரல்கள் வேகமாக இருக்கின்றன என்று அங்கே யாரோ கண்டுபிடித்து, சீட்டுப் போடும் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். கலைப்பது, வெட்டுவது, போடுவது, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது. கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம் என்றார்கள். மாமியாரோடு குடித்தனம் செய்தவளுக்கு அது ஒரு பாடமா?

மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, விரித்து, புரட்டிக் காட்ட வேண்டும். எதையும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று கேமராவுக்குச் சொல்வது. அந்தப் பழக்கம் என்னை விடவே இல்லை. கல்யாண வீட்டில் மொய் வைத்துவிட்டுக் கை தட்டி விரித்துக் காட்டியிருக்கிறேன். பெண் வீட்டார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கப்பலில் ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வந்தவன் வீட்டை மறக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய இடம். அதற்கு மகிழ்ச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே சிரித்தவர்களை நிறையப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஊர்க் காற்று என் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியபோது, கொடைக்கானலில் பழைய கிளப் ஒன்றின் சீட்டு அறைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண் சீட்டுப் போட்டால் ஆடுகிறவர்களின் கவனம் சிதறும் என்று கமிட்டியில் ஒருவர் கவலைப்பட்டாராம். எனக்கு அப்போதே நாற்பது தாண்டி, முழங்காலில் வலி. சிதறிய கவனம் எதையும் ஓய்வு பெறும்வரை நான் பார்க்கவில்லை.

அந்த அறையின் பொறுப்பாளர் சவரிமுத்து சார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான ஒல்லி மனிதர், எப்போதும் கை பின்னால். மேசையில் சண்டை வந்து மற்றவர்கள் குரல் ஏற ஏற, இவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவாவது கத்துகிறவர் வாயை மூட வேண்டி வரும். தீர்ப்புச் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி, மப்ளர் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டுவார். "நடந்தத வரிசையாச் சொல்லுங்க. கோவத்தக் கழிச்சிட்டுச் சொல்லுங்க" என்பார். கோபத்தைக் கழித்துவிட்டால் பல பேரிடம் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

ரிசார்ட்காரர் நம்பாத காய்ந்த சீட்டு விஷயம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். மழை மாதத்தில் இந்த ஊரில் சீட்டு அப்பளம் மாதிரி நமத்துப் போகும். ஒன்றோடொன்று ஒட்டும், இரண்டாகப் போய் விழும், உடனே சண்டை. அதனால் மர அலமாரி ஒன்றுக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதன் பக்கத்தில் கட்டுகளை அடுக்கி வைப்போம். மேசைக்குப் போகிற கட்டு எப்போதும் லேசான சூட்டோடு போகும். குளிரில் விறைத்த கையோடு வருகிறவர்கள் முதல் சீட்டைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். தங்கச் சிங்கத்தைப் பார்த்து யாரும் அப்படி விட மாட்டார்கள். மங்கி குல்லா போடலாம், கையுறை கூடாது. பஜ்ஜியைத் தனி மேசையில் தின்று, கையைத் துடைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பஜ்ஜிக் கையோடு ராஜாவைத் தொட்டால், அடுத்த ஆட்டத்தில் ராஜா யாரிடம் இருக்கிறார் என்று மேசை முழுக்கத் தெரிந்துவிடும்.

கிளப்பிலும் டோக்கன்தான். எல்லாருக்கும் சமமாகக் கொடுத்து ஆரம்பிப்போம், முதலில் தோற்றவர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். ஒரு டீக்காகப் பெரிய பெரிய மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்தால் கோவாவே தேவலை என்று தோன்றும்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடி. நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து. இந்த ஏழில் நல்ல ஐந்தைச் சேர்க்க வேண்டும். நடுவில் சீட்டு விழ விழ டோக்கனைத் தள்ளுவார்கள். பயந்தவர் தன் சீட்டை மூடியபடி எறிந்துவிட்டு விலகலாம், எறிந்த சீட்டுக்கு உயிர் கிடையாது. மிஞ்சியவர்கள் கடைசியில் திறந்து காட்ட வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமலே இருப்பது போலத் தள்ளி அடுத்தவரை விரட்டுவதும் ஆட்டம்தான். இதைக் குடும்பத்தில் செய்தால் பொய், மேசையில் செய்தால் திறமை.

எங்கள் மேசையில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் வேலுச்சாமி அண்ணாச்சி. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை மகன் செந்திலிடம் கொடுத்துவிட்டு, மலையில் சின்ன வீடு வாங்கித் தனியாக இருந்தார். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கிளப்புக்கு வந்துவிடுவார். இன்னொருவர் பிரகாஷ், சென்னையில் சாப்ட்வேர் கம்பெனி, இங்கே காட்டேஜ். எதிரில் இருக்கிற யூகலிப்டஸ் மரம் தெரியாத மூடுபனியில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவார். டிவியில் அப்படித்தான் ஆடுகிறார்களாம். நல்ல ஆட்டக்காரர்தான். தோற்றால் காரணம் தேடுவார், அவ்வளவுதான் குறை.

ஒரு மழை நாளில் இந்த இரண்டு பேரும் கடைசிவரை நின்றார்கள். நடுவில் மூன்று ஹார்ட்டின் கிடந்தது. அண்ணாச்சி சந்தோஷமாக, "அஞ்சும் ஹார்ட்டின்! கலரு!" என்றார். ஐந்தும் ஒரே ஜாதியென்றால் பெரிய கை. பிரகாஷ் சலித்துக்கொண்டு தன் சீட்டை மூடியபடி எறிந்தார். அதற்குப் பிறகு அண்ணாச்சி தன் இரண்டு சீட்டைத் திறந்து வைத்தார். ஒன்று ஹார்ட்டின், இன்னொன்று டைமன். இரண்டும் சிவப்புதான், ஆனால் ஒரே ஜாதி இல்லை.

பிரகாஷ் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண் இருப்பதை அன்றைக்குத்தான் பல பேர் பார்த்தார்கள். "இது ரெண்டாவது தடவை! போன வாரமும் இதே டிரிக். என் கை பெட்டர். பொய் சொல்லி ஃபோல்டு பண்ண வெச்சுட்டார். திஸ் இஸ் சீட்டிங்" என்று கத்தினார். போன வாரமும் இதேபோல ஒன்று நடந்தது உண்மைதான். பிரகாஷ் கமிட்டிக்குப் புகார் கொடுத்தார். ஏமாற்று என்று முடிவானால் அண்ணாச்சியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். எதிரில் உட்கார்ந்து சீட்டுப் போடுகிறவளுக்கு ஆட்களின் கைதானே கண்ணில் படும். கொஞ்ச நாளாகவே அண்ணாச்சி சீட்டை நேராகப் பார்ப்பதில்லை. முகத்தைத் திருப்பி, கடைக்கண்ணில் வைத்துப் பார்ப்பார். டீ கப்பைப் பிடிக்கும் முன் மேசையைத் தடவுவார்.

விசாரணை நாளில், கமிட்டி அறைக்கு வெளியே வராந்தாவில் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புஷ்பா, உள்ள ஒன்னையும் கேப்பாக. என்ன சொல்லப் போற?"

"பாத்ததச் சொல்லுவேன் அண்ணாச்சி."

"நீ எம்புட்டுப் பாத்தேன்னு எனக்குத் தெரியும் தாயி. நடுக்கண்ணுல ஒரு கருப்பு விழுந்து கெடக்கு. மதுரையில காட்டிட்டேன், இனி தெளியாதுன்டாரு டாக்டரு. ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது."

"அதச் சொன்னா முடிஞ்சதுங்களே. யாரு உங்களத் தப்பாப் பேசப் போறா?"

"கள்ளன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். கண்ணு தெரியலேன்னு சொல்லிப்பிட்டா, சேதி கீழ போயிரும். செந்திலு நாளைக்கே வெள்ளனே காரக் கொண்டாந்து நிப்பான். கடை மாடியில ஒரு ரூமு, ஒரு டிவி, வேளைக்குச் சோறு. நான் அங்கன உக்காந்து என்ன சோலி பாக்க?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

உள்ளே கமிட்டிக்காரர்கள் ஏதோ கொலை வழக்கு மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மூன்றாவது செருமலுக்குள் சவரிமுத்து சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார்.

"பிரகாஷ் சார், வரிசையா. அண்ணாச்சி கலருன்னு சொன்னப்ப, சீட்டத் திறந்துட்டாரா?"

"இல்ல. வாயால சொன்னார்."

"நீங்க பாத்துட்டு எறிஞ்சீங்களா, கேட்டுட்டு எறிஞ்சீங்களா?"

"கேட்டுட்டு. ஒரு ஜென்டில்மேன் சொன்னா நம்பக் கூடாதா?"

"சரி. நீங்க எறிஞ்சப்புறம் அவரு என்ன செஞ்சாரு?"

"திறந்து வெச்சார்."

"எதிர்ல யாருமே இல்லாதப்ப, திறக்கணும்னு கட்டாயம் உண்டா?"

பிரகாஷுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் தெரிந்தவர் அல்லவா? எதிராளி விலகிவிட்டால் சீட்டைக் காட்ட வேண்டியதே இல்லை. ஏமாற்றுகிறவன் மூடியபடியே குவியலுக்குள் எறிந்துவிட்டு டோக்கனை இழுத்துக்கொண்டிருப்பான். தன் பொய்யைத் தானே மல்லாத்திப் போட்டுக் காட்டுகிற ஏமாற்றுக்காரனை எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

"அவர் சொன்னத அவரே நம்பியிருக்கார்" என்றார் பிரகாஷ் மெதுவாக. "சாரி அண்ணாச்சி. நான் கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செயலாளர் படித்தவர், சந்தேகம் வராமல் இருக்குமா? "அப்போ ரெண்டு தடவை எப்படித் தப்பாகும்? புஷ்பா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஏன்னு தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினார்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து சாரின் குரல் கேட்டது, அதுவரை கேட்டிராத அளவு தாழ்ந்து.

"லைட்டு சார். இந்த ஊர்ல மழ வந்தா வோல்டேஜ் எந்த லட்சணத்துல இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? ஹார்ட்டினும் டைமனும் எனக்கே ஒண்ணாத்தான் தெரியுது. போன வருசமே புதுச் சீட்டு கேட்டேன், கமிட்டி பாஸ் பண்ணல."

தப்பு கமிட்டி மேல் வந்து விழுந்ததும் கூட்டம் வெரசா முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்தக் கமிட்டி அவ்வளவு வேகமாக எதற்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை.

பெரிய எழுத்துச் சீட்டு வந்தது. நான்கு ஜாதிக்கும் நான்கு நிறம்: ஹார்ட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை, இஸ்பேடு கருப்பு. கடைக்கண்ணால் பார்த்தாலும் தெரியும். கூடவே சவரிமுத்து சாரின் புது விதியும் வந்தது. கடைசியில் யாரும் வாயால் கையைச் சொல்லக் கூடாது, எல்லாரும் சீட்டைத் திறந்து வைக்க வேண்டும், சீட்டுப் போடுகிறவர் உரக்க வாசிக்க வேண்டும். நடுவில் விழுகிற ஒவ்வொரு சீட்டையும் நான்தான் வாசிப்பேன். யாருக்காக இந்த விதி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

எல்.கே.ஜி. பிள்ளைகளின் சீட்டு மாதிரி இருக்கிறது என்று பிரகாஷ் ஒரு வாரம் முணுமுணுத்தார். அடுத்த வாரம் தானும் கருப்புக் கண்ணாடியோடு அதைச் சுலபமாகப் படிக்க முடிகிறது என்று கண்டுகொண்டார். அறையில் சண்டை குறைந்துபோனது. மனிதர்களுக்குள் வருகிற சச்சரவில் பாதி வாயால்தான் வருகிறது, அந்த வாய்க்கு மேசையில் மதிப்பில்லை என்று ஆக்கிவிட்டால் மிச்ச நேரம் ஆடலாம். பக்கத்து மேசை ரம்மிக்காரர்கள்கூட இங்கே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சியின் மதியங்கள் பழையபடி நடந்தன.

எத்தனை நாள் மறைக்க முடியும்? அடுத்த குளிர்காலத்தில் அவருடைய கார், ஏரிச் சாலை வளைவில் ஒரு பேரிக்காய் வண்டியைத் தேய்த்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் சேதி அடிவாரத்துக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் ஆட்டத்துக்கு நடுவில் செந்தில் சீட்டு அறைக்குள் வந்து நின்றார். கடைக்குப் போடுகிற வெள்ளை வேட்டி, மேலே அவசரமாக மாட்டிய ஸ்வெட்டர்.

"கெளம்புங்கப்பா. துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். கண்ணு தெரியாம இம்புட்டு நாளு காரு ஓட்டியிருக்கீக. யாரையாச்சும் கொன்னுருந்தீகன்னா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"காரு சாவிய நீயே வச்சுக்க. நாஞ் செஞ்சது தப்புத்தான்" என்றார் அண்ணாச்சி. "ஆனா ஒரு ஆட்டம் உக்காரு. நீதான் போன்ல ராவும் பகலும் ஆடுறியே. ஒரு ஆட்டம் ஆடிட்டுக் கெளம்புவோம்."

"வெளையாடுற நேரமாப்பா இது?"

பிரகாஷ் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். உறுப்பினர் அல்லாதவர் உட்காரக் கூடாது என்பது விதி. சவரிமுத்து சார் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு இரண்டு சீட்டுப் போட்டேன். செந்தில் எடுத்துப் பார்த்தார். அண்ணாச்சி எடுக்கவே இல்லை. மூடிய சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். கிளாவர் ஒன்பது. ஹார்ட்டின் நாலு. இஸ்பேடு ஜாக்கி. டைமன் ராஜா. செந்தில் கொஞ்சம் டோக்கனைத் தள்ளினார். அண்ணாச்சியும் அதே அளவு தள்ளினார். கடைசிச் சீட்டு, ஹார்ட்டின் பத்து. இப்போது கையில் ஒரு ராணி இருப்பவருக்கு ஒன்பதிலிருந்து ராஜா வரை வரிசையாகச் சேர்ந்துவிடும்.

அண்ணாச்சி தன்னிடம் இருந்த டோக்கன் முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

செந்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தன் சீட்டைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டை எறிந்துவிட்டார். மனசு கேட்காமல் அதைத் திறந்தே எறிந்தார். ஒரு ராஜா இருந்தது. நடுவில் இருந்ததோடு ஜோடி ராஜா, நல்ல கை.

"எனக்கு என்ன இருக்குன்னு வாசி தாயி" என்றார் அண்ணாச்சி.

அவருடைய சீட்டைத் திருப்பினேன். "இஸ்பேடு ரெண்டு. கிளாவர் ஏழு."

போக்கரில் அதைவிட மட்டமான கை கிடையாது. பிரகாஷ் மேசையைத் தட்டிச் சிரித்தார். மொத்த அறையும் சிரித்தது. செந்தில் மட்டும் சிரிக்கவில்லை.

"சீட்டப் பாக்காமலே எப்பிடிப்பா எல்லாத்தையும் தள்ளுனீக?"

"பாத்திருந்தாப் பயந்திருப்பேன்லே. ராஜா விழுந்தப்ப ஒனக்கு மூச்சு நின்னு வந்துச்சு. பத்து விழுந்தப்ப நாக்க மடிச்சுக் கடிச்ச, 'ஸ்ஸ்'ன்னு கேட்டுச்சு. சின்னப் புள்ளையில இருட்டப் பாத்தா அப்பிடித்தான் சத்தம் வரும். ஒங்காத்தாளும் நானும் அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் எந்திரிச்சு வந்து லைட்டப் போடுவோம்."

செந்தில் தலையைக் குனிந்து டோக்கன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார், மலையேறினால் எல்லாருக்கும் வருகிற சளிதான் என்று நாங்களும் வைத்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கார் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்ற சவரிமுத்து சாரிடம் போனார்.

"அப்பாவ இங்க உள்ள வீட்டுலருந்து மதியம் கூட்டிட்டு வந்து சாயங்காலம் கொண்டு விடுறதுக்கு நம்பிக்கையா ஒரு டிரைவர் கெடைப்பாருங்களா சார்?" என்றார். "அப்புறம், அவரு காலுக்குக் கீழ ஒரு ஹீட்டர் வைங்க. முட்டியில குளிரு ஏறுனா அவரால தாங்க முடியாது, ஆனா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு."